மேஜர் ராட்ரே பற்றி ஒரு பக்கம்

சேது: ...பெர்த்ல பிறந்தார்னு போட்டிருக்கேன்.

வசந்தா: பெர்த் ஆஸ்திரேலியாவுலல்ல இருக்கு? மேஜர் ஸ்காட்லாந்துக்காரருங்க.

சேது: ஸ்காட்லாந்துலயும் ஒரு பெர்த் இருக்கு வசந்தா. அதுதான் மூத்தது. இதை நீ அவர்கிட்டயே கேட்டிருந்தேன்னு வை, அரை மணி நேரம் உன்னை விட்டிருக்க மாட்டார்.

வசந்தா: ஒரு தடவை கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. காபி ஆறுது. குடிங்க முதல்ல.

சேது: அப்புறம் குடிக்கறேன்.

வசந்தா: ஏங்க, அவர் எங்க பிறந்தாருன்னு அவர் பொண்ணுக்குத் தெரியாதா? எய்ல்சா கேட்டது என்ன? பஹ்ரைன்ல எங்கப்பா எப்படி இருந்தாருன்னு ஒரு பக்கம் எழுதுங்க அங்கிள்னுதானே மெயில்ல போட்டிருக்கா?

சேது: அடக்கத்தன்னிக்கு சர்ச்ல படிக்கப் போறாளாம். பெட்டி நாளைக்கு ஃப்ளைட்ல போகுது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கேட்டிருக்கா. காலையில ஏழு மணியிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன்... மூணு வரி வந்திருக்கு.

வசந்தா: நாலு வருஷமா மனுஷனை ஏர்போர்ட் பக்கமே விடல. இப்போ மட்டும் எப்படி விட்டாங்க?

சேது: உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் பயணத் தடை. ஆள் போயிட்டா கேஸும் போச்சு. நேத்து பாடியைக் கொண்டு போற பேப்பர் வாங்கப் போனேன்ல, கவுண்டர்ல இருந்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். ஒரு சிக்கலும் இல்ல, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, கொண்டு போலாம்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவன் ஒரு மாதிரியா பார்த்தான்.

வசந்தா: ...சரி. அந்த மூணு வரியைப் படிங்க. தமிழ்ல சொல்லுங்க.

சேது: "ஹேமிஷ் ராட்ரே ஒரு தபால்காரரின் மகனாகப் பெர்த்தில் பிறந்தார். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி மேஜராக ஓய்வு பெற்றார்."

வசந்தா: மேஜர் பதவியோட ஏன் நின்னுபோச்சுன்னு போட வேண்டாமா?

சேது: அதை எப்படி ஒரு வரியில போடறது?

வசந்தா: என்கிட்ட எப்படிச் சொன்னாரோ அப்படி. நம்ம மாடிப்படியில உட்கார்ந்து, முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னாரு. லிஃப்ட் வேலை செய்யாத அன்னிக்கு. புதுசா சேர்ந்த சிப்பாய் ஒருத்தன். காய்ச்சல். கொட்டற மழையில மலையேற வெச்சாங்க...

சேது: முதுகுல இருபத்தஞ்சு கிலோ மூட்டை. இவர் வேண்டாம்னு சொன்னார். மேல இருந்த கர்னல் நடக்கட்டும்னார். பாதி மலையில விழுந்தவன் எந்திரிக்கல.

வசந்தா: விசாரணையில எல்லாரும், அவன் காய்ச்சலை மறைச்சுட்டான்னு சொல்லியிருக்காங்க. இவர் ஒருத்தர்தான்...

சேது: "அவன் மறைக்கல. என்கிட்ட சொன்னான். நான் கர்னல்கிட்ட சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னாராம். ஒரு நிமிஷம்கூட ஆகலையாம். அதோட ப்ரமோஷன் போச்சு. மெஸ்ல பக்கத்துல வந்து உட்கார ஆள் கிடையாது. ஆறு வருஷம் தனியாவே சாப்பிட்டேன்னார்.

வசந்தா: அந்தச் சிப்பாயோட அம்மாதானே அவரை எலெக்‌ஷன்ல நிக்கச் சொன்னது?

சேது: ஆமா. அந்தம்மாவே கூட வந்து வீடு வீடா கதவைத் தட்டினாங்களாம். "இவருக்குப் பொய் சொல்ல வராது, இவருக்குப் போடுங்க"ன்னு. ரெண்டு தடவை ஜெயிச்சார்.

வசந்தா: பொய் சொல்ல வராதவரு எம்.பி. ஆகி என்ன செய்ய.

சேது: அதான் எட்டு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே. ஒரு போருக்குப் படை அனுப்பற தீர்மானம். கட்சி மொத்தமும் ஒரு பக்கம் போச்சு. இவர் எந்திரிச்சு மறுபக்கம் போனார். அடுத்த தடவை சீட்டு குடுக்கல. சுயேச்சையா நின்னார்.

வசந்தா: "டெபாசிட் காலி." அதை அவருக்குத் தமிழ்ல சொல்லிக் குடுத்ததே நீங்கதான். எது போனாலும் அதைத்தான் சொல்லுவாரு. கரண்ட் போனாலும் டெபாசிட் காலி.

சேது: ம்...

வசந்தா: அழாதீங்க. எழுதுங்க. அதெல்லாம் அவங்க ஊர்க்காரங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நம்ம ஊர்க் கதையை எழுதுங்க. இந்த குதைபியா ஏரியாவுல அவர் இருந்ததை.

சேது: எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

வசந்தா: ரசத்துலேர்ந்து ஆரம்பிங்க. நம்ம தலைக்கு மேல, மூணாவது மாடியில, ஒரே ரூம்ல இருந்தாரு. தினம் மத்தியானம் ரசம் வாங்கிட்டுப் போவாரு. டம்ளர்ல ஊத்தி விஸ்கி மாதிரி குடிப்பாரு. இதை எழுதினா அந்தப் பொண்ணு சிரிப்பா.

சேது: அப்புறம்?

வசந்தா: கீழ ராஜிக் பாய் கடை. பாய் அவருக்குன்னே ஒரு நாற்காலி போட்டு வெச்சிருந்தாரே. சம்பளம் வராதவன், பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராத முதலாளிகிட்ட மாட்டினவன், எல்லாரும் அங்கதான் வருவாங்க. இவர் மனு எழுதிக் குடுப்பாரு. "எம்.பி. சாப்"னு கூப்பிடுவாங்க. "குதைபியாதான் இப்போ என் தொகுதி, எதிர்த்து நிக்க யாருமில்ல"ன்னு என்கிட்ட சொன்னாரு ஒரு நாள்.

சேது: அவர் எழுதின மனுவுல எத்தனை பேருக்கு வேலை நடந்துதுன்னு தெரியுமா?

வசந்தா: எத்தனை?

சேது: பதினொரு பேருக்கு. அவரே குறிச்சு வெச்சிருந்தார். அவருக்காக அவர் எழுதினது மட்டும் ஒண்ணும் நடக்கல. கூட பார்லிமென்ட்ல இருந்த மூணு பேருக்கு எழுதினார். ஒருத்தர்கிட்டேர்ந்து கிறிஸ்துமஸ் கார்டு வந்துது. மத்த ரெண்டு பேர்கிட்டேர்ந்து அதுகூட இல்ல.

வசந்தா: எம்பஸியிலேர்ந்து வந்தாங்களே.

சேது: வந்தாங்க. தலையாட்டினாங்க. உன் ரசத்தைக் குடிச்சுட்டுப் போனாங்க. வசந்தா, இது எல்லாம் எழுதலாம். ஆனா அவர் ஏன் ஊருக்குப் போகலன்னு எழுதணும்ல? எய்ல்சாவுக்குப் போன வருஷம் குழந்தை பிறந்துது. இவர் பார்க்கல. நெஞ்சு ஆபரேஷனை ஊர்ல போய் பண்ணிக்கோங்கன்னு டாக்டர் சொன்னார். கோர்ட்ல கேட்டோம். தள்ளி வெச்சாங்க. மறுபடி கேட்டோம். மறுபடி தள்ளி வெச்சாங்க. செவ்வாய்க்கிழமை... வார்டுல... சர்ச்ல உட்கார்ந்திருக்கறவங்க கேப்பாங்கல்ல, இந்த ஆள் மேல என்ன கேஸுன்னு.

வசந்தா: அதை அவங்க வக்கீல் சொல்லுவாரு. நீங்க எதுக்கு?

சேது: எய்ல்சாவுக்கு என்ன தெரியும்? எங்க கம்பெனி சொன்னதுதான் தெரியும். அப்பா ஒரு லேபர் கேம்ப்பைச் சரியா பார்க்காம நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டார், அது எரிஞ்சு நாலு பேர் செத்தாங்க. அதுதான் அவளுக்குத் தெரியும்.

வசந்தா: அவர் போடலன்னு அவரே பொண்ணுகிட்ட சொல்லியிருப்பாரு.

சேது: சொன்னார். நம்பினாளான்னு தெரியல. போன்ல பேசிட்டு வந்து ஒரு நாள் சொன்னார், "சேது, என் பொண்ணு ரொம்ப அன்பா பேசறா. அதான் பயமா இருக்கு"ன்னு.

வசந்தா: ...வேற ஏதாவது எழுதுங்கங்க. நம்ம பொண்ணு ஸ்வாதிக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தாரே, அதை...

சேது: கம்பெனி அவரை ஏன் வேலைக்கு எடுத்துதுன்னு உனக்குத் தெரியும்ல? வெளிநாட்டு கான்ட்ராக்ட். ஆளுங்களை நல்லா தங்க வெச்சிருக்கோம்னு ஒரு ரிப்போர்ட் வேணும். முன்னாள் எம்.பி., முன்னாள் மேஜர், அந்தப் பேர் கீழ இருந்தா எடுபடும்னு எடுத்தாங்க. அவர் அதைப் புரிஞ்சுக்கல. நிஜமாவே கேம்ப் கேம்ப்பா போய்ப் பார்த்தார்.

வசந்தா: தெரியுங்க.

சேது: கேம்ப் த்ரீல ஒரு ரூமுக்குப் பதினாலு பேர். ஒரே பிளக்ல மூணு அடுப்பு. பின்பக்கக் கதவைக் கம்பி போட்டுப் பூட்டியிருந்தாங்க. நானும் கூடப் போனேன். இவர் அந்தப் பூட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார்... ரொம்ப நேரம். இதோட சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டார். ஒருத்தருக்கும் தெரியல. திரும்பி வந்து மூணே நாள்ல எழுதிக் குடுத்தார். "இந்த முகாமை இந்த வாரமே மூட வேண்டும்." அந்த வரியை டைப் பண்ணினது நான். அவர் சொல்லச் சொல்ல.

வசந்தா: அப்புறம் ஜி.எம். அதை மாத்திட்டாரு. நீங்க சொல்லியிருக்கீங்களே. மாத்தின ஃபைல் உங்க கைக்கு வந்துது. அப்படியே அனுப்பினீங்க. உள்ள என்ன இருந்துதுன்னு நீங்க பார்க்கல.

சேது: அதைத்தான் உன்கிட்ட சொன்னேன்.

வசந்தா: ஆமா.

சேது: விசாரணையில ஜி.எம். பேரையும் விட்டுட்டு எழுதிக் குடுத்தேன். "மேஜர் தந்ததை அப்படியே அனுப்பினேன்"னு.

வசந்தா: ஆமாங்க. முடிஞ்சுபோச்சு அது.

சேது: அப்படி இல்ல வசந்தா.

வசந்தா: ...இப்போ எதுக்குங்க இது?

சேது: ஜி.எம். மாத்தல. நான்தான் மாத்தினேன். வியாழக்கிழமை. எல்லாரும் கிளம்பியாச்சு. ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். கேம்ப்பை அடுத்த மாசம் சரி பண்ணிடறோம், இப்போதைக்கு இந்த நாலு வரியை எடுத்துட்டு நல்லா இருக்குன்னு போடு, அவர் பழைய லெட்டர்ல இருக்கற கையெழுத்தை எடுத்துக் கீழ ஒட்டு, யல்லா, சீக்கிரம், எனக்கு டின்னர் இருக்குன்னார். நான் முடியாதுன்னு சொல்லல. யோசிச்சு சொல்றேன்னுகூடச் சொல்லல. ரெண்டு நிமிஷ வேலை. அந்த ரெண்டு நிமிஷமும் நான் என்ன யோசிச்சேன் தெரியுமா? கையெழுத்து கோணலா இருக்கே, நேரா வைக்கணுமேன்னு.

வசந்தா: தெரியும்.

சேது: என்ன தெரியும்?

வசந்தா: நீங்கதான் பண்ணினீங்கன்னு. ஆறு மணிக்கு வர்றவர் அன்னிக்கு ஒன்பதரைக்கு வந்தீங்க. எங்க போனீங்கன்னு கேட்டேன். கடற்கரையில கார் நிறுத்தி உட்கார்ந்திருந்தேன்னீங்க. நீங்க அப்படி உட்கார்ற ஆளா? அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் கேம்ப் எரிஞ்சுபோச்சுன்னு டி.வி.ல சொன்னப்போ... நீங்க எத்தனை பேர்னு கேக்கல. எந்தக் கேம்ப்னு கேட்டீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு.

சேது: நாலு வருஷமா தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லலையே நீ.

வசந்தா: என்ன சொல்றது? ஸ்வாதி அப்போ பன்னெண்டாவது. உங்க விசா அவங்க கையில. போய்ச் சொல்லுங்கன்னு நான் சொல்லியிருந்தா, நாம மூணு பேரும் எங்க இருந்திருப்போம்?

சேது: அவர் இருந்த இடத்துல நான் இருந்திருப்பேன்.

வசந்தா: அதைத்தான் சொல்றேன்.

சேது: செத்தவங்கள்ல பாலகுரு ஒருத்தன். பரமக்குடிப் பக்கம். அந்தப் பூட்டின கதவுக்கிட்டதான் கிடந்தானாம். மேஜர் நாலு குடும்பத்துக்கும் கைப்பட லெட்டர் எழுதினார். பாலகுரு வீட்டுக்குத் தமிழ்ல போகணும்னு என்கிட்ட கொண்டுவந்து குடுத்தார். "உங்கள் கணவர் தங்கியிருந்த இடம் மனிதர் தங்கத் தகுந்ததல்ல என்று நான் எழுதினேன். அதை அவர்கள் கேட்கும்படி செய்ய என்னால் முடியவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்." இதை நான் உட்கார்ந்து தமிழ்ல எழுதினேன் வசந்தா. என் கையெழுத்துல. அவர் பக்கத்துல நின்னு, தமிழ் எழுத்து ரொம்ப அழகா இருக்கு சேதுன்னார்.

வசந்தா: போதுங்க. தண்ணி குடிங்க.

சேது: அவருக்கு யார் மேலயும் சந்தேகம் வரல. ஜி.எம். ஆளை வெச்சுப் பண்ணிட்டான்னுதான் நினைச்சார். கேம்ப் எரிஞ்ச அன்னிக்கே அவர் மெயிலை மூடிட்டாங்க. கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணும் கையில இல்ல. ஒரு ஆள் வந்து சொன்னாத்தான் உண்டு. அந்த ஆள் தினமும் லிஃப்ட்ல அவர்கூடவே ஏறி இறங்கிக்கிட்டு இருந்தான். நான் இன்னிக்கு எழுதப் போறேன்.

வசந்தா: என்னது?

சேது: இதைத்தான். ஒரு பக்கம் கேட்டிருக்கா. அதுல இது இருக்கும். உங்கப்பா கையெழுத்துப் போடல, நான்தான் ஒட்டினேன்னு.

வசந்தா: ஏங்க, யோசிங்க. அதை அவ சர்ச்ல படிப்பா. பேப்பர்ல வரும். அவர் சும்மா ஆள் இல்ல, எம்.பி.யா இருந்தவரு. இங்க தெரிஞ்சா உங்களை விடுவாங்களா? ஸ்வாதிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குங்க. ஒரே வருஷம். டாக்டராயிடுவா.

சேது: அன்னிக்குப் பன்னெண்டாவதுன்னோம். இன்னிக்கு இன்னும் ஒரு வருஷம்ங்கறோம்.

வசந்தா: அவரே போயிட்டாரு. இனிமே எழுதி யாருக்கு என்ன ஆகப் போகுது?

சேது: பொண்ணுக்கு ஆகும். எங்கப்பா பொய் சொல்லலன்னு தெரியும். அவர் பேரனுக்குத் தெரியும். அவர் வாழ்க்கையில சேர்த்து வெச்சது அது ஒண்ணுதானே? பதவி இல்ல, வீடு இல்ல. பொய் சொல்ல வராதுங்கற அந்தப் பேரு. அதை நான் ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டேன்.

வசந்தா: நீங்க மட்டும்தான் பண்ணின மாதிரி பேசாதீங்க.

சேது: வேற யாரு? ஜி.எம்.மா? அவனுக்கு இவர் யாரு? நான்தானே கூடவே இருந்தேன்? வார்டுல கடைசி ராத்திரியும் நான்தான் இருந்தேன். என் கையைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தார். அப்பவாவது சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம்னு. மூச்சு வாங்குது, பேசாதேங்கறார்னு நினைச்சு விட்டுட்டேன்.

வசந்தா: தலையை ஆட்டினாரா?

சேது: ஆமா. ஏன்?

வசந்தா: ...ஒண்ணுமில்ல.

சேது: எனக்கு ஒண்ணு மட்டும் ஆறவே இல்ல வசந்தா. நாலு வருஷம். ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, "சேது, உனக்கு ஏதாவது தெரியும்னா வந்து சொல்லு"ன்னு கேட்டிருந்தார்னா... சத்தியமா போயிருப்பேன். விசா போகட்டும், ஜெயில் ஆகட்டும், போயிருப்பேன். தானா போய்ச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்ல. கேட்டா இல்லன்னு சொல்ற தைரியமும் எனக்குக் கிடையாது. அவர் கேக்கவே இல்ல.

வசந்தா: ...

சேது: என்ன வசந்தா? ஏன் இப்படி உட்கார்ந்திருக்க?

வசந்தா: அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் மூடுங்க.

சேது: எதுக்கு?

வசந்தா: மூடுங்க... கேட்டாருங்க. போன ரம்ஜானுக்கு முன்னாடி. நீங்க டியூட்டிக்குப் போயிருந்தீங்க. வாசல்ல நின்னாரு, உள்ள வாங்கன்னா வரல. ஃபைலை மாத்தினது உங்க கம்ப்யூட்டர்லதான்னு வக்கீல் கண்டுபிடிச்சிருக்காரு. சேது வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், அவர் மேல கேஸ் வராத மாதிரி நான் பார்த்துக்கறேன், நேரா கேட்டா அவர் உடைஞ்சு போயிடுவாரு, நீங்க மெதுவா கேட்டுச் சொல்லுங்கன்னாரு. நான் உங்ககிட்ட கேக்கலங்க. கேட்டா நீங்க போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். மூணு நாள் விட்டேன். அப்புறம் மாடிக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்... "கேட்டேன் சார். முடியாதுன்னுட்டாரு"ன்னு.